கடைசி மேசைக்குக் கேட்கிறதா

ஒரே நடையில் தூக்கிக்கொண்டு போக முடியாத எதையும் வாங்கக் கூடாது என்பதுதான் நான் முதலில் போட்டுக்கொண்ட விதி. ஸ்கூட்டரை நிறுத்திய இடத்திலிருந்து பாடப்போகிற இடம்வரை ஒரு நடை. முதுகில் கிட்டார், வலது கையில் ஸ்பீக்கர், இடது தோளில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் கருவியும் மைக்கும் கேபிள்களும் அடங்கிய பை. மைக் ஸ்டாண்டை என் மனைவி எடுத்துக்கொள்வாள். இரண்டாவது நடைக்குப் போனால் தொலைந்தது. திரும்பி வருவதற்குள் யாராவது ஸ்பீக்கர்மேல் சாப்பிட்ட தட்டை வைத்திருப்பார்கள். வைத்திருக்கிறார்கள், நானும் கத்தியிருக்கிறேன்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், ஐம்பதைத் தாண்டியவன். ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விஜயநகரில் ஒரு காபிக் கடையில் தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடுவேன். அவ்வப்போது நிச்சயதார்த்தம், பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்றும் கூப்பிடுவார்கள். பாதி கன்னடம், பாதி தமிழ், விரும்பிக் கேட்டால் இந்தி. பின்னால் தபலா கிடையாது, கீபோர்டு கிடையாது. தப்பு நடந்தால் என் தலையில்தான் விழும்.

முன்பெல்லாம் பந்தல் போடுகிறவர்கள் கொண்டுவரும் செட்டில்தான் பாடினேன். அதில் கிட்டார் தகர டப்பா மாதிரி கேட்கும், நான் சளி பிடித்தவன் மாதிரி கேட்பேன். ஒரு அறுபதாம் கல்யாணத்தில் இரண்டு மணி நேரமும் மைக் கூவிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வந்த எரிச்சலில், நமக்கென்று ஒரு செட் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மண்டி மொஹல்லாவில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிற ஒருவர்தான் வழி சொன்னார். ஒரேயடியாகப் பெரிய செட் வாங்காதே, சின்னதில் ஆரம்பி, ஆனால் ஒவ்வொரு பெட்டியும் தனியாகவும் வேலை செய்ய வேண்டும், அடுத்தது வந்தால் அதோடு சேர்ந்தும் வேலை செய்ய வேண்டும் என்றார்.

அப்படியே செய்தேன். முதலில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, உள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும். இருபது முப்பது பேர் உட்காரும் இடத்துக்கு அது தாராளம். கூட்டம் அதிகமென்றால் அதே மாதிரி இரண்டாவது ஸ்பீக்கர். கல்யாண ஹால் என்றால் கனத்த ஒலிக்குத் தனியாக ஒரு பேஸ் பெட்டி. எது கூடினாலும் மிக்சரும் மைக்கும் மாறாது. ஸ்கூட்டர் செட், ஆட்டோ செட், கார் செட் என்று வீட்டில் பெயர் வைத்திருந்தோம். காபிக் கடைக்கு என்றைக்கும் ஸ்கூட்டர் செட்தான் என்பது ஏற்பாடு.

தனியாகப் பாடுகிறவனுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கடைசி மேசையில் என்ன கேட்கிறது என்று தெரியவே தெரியாது. சவுண்ட் பார்க்க ஆள் வைக்க எனக்கு வசதியில்லை. அந்த ஆள் என் மனைவிதான். நஞ்சன்கூடு பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் நூலின் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். எதிலும் குறை கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. கடைசி மேசையில் போய் உட்கார்வாள். கைப்பையை மேசையின் வலது ஓரத்தில் வைத்தால் சத்தத்தைக் கூட்டு, இடது ஓரத்தில் வைத்தால் குறை, மடியில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பத்து வருஷம் அந்தக் கைப்பையைப் பார்த்துத்தான் பாடினேன். பாட்டு முடிந்ததும் கைதட்டுகிறவர்களைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கைப்பை அடிக்கடி வலது ஓரத்துக்குப் போக ஆரம்பித்தது. கடையில் கூட்டம் கூடிவிட்டது, மின்விசிறி இரைகிறது, ஜூஸ் மிஷின் ஓடுகிறது என்று நானாகக் காரணம் கண்டுபிடித்தேன். கூட்டினேன். போதவில்லை. கடைக்கே இரண்டாவது ஸ்பீக்கரைக் கொண்டுபோனேன். ஒரே நடை விதி உடைந்தது, ஆட்டோ வந்தது. அதற்கும் பை வலது பக்கம் போகவே, ஒரு ஞாயிறு பேஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனேன். இருபத்தைந்து பேர் காபி குடிக்கிற இடத்துக்குக் கல்யாண ஹால் செட். எனக்குப் பெருமையாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு தொந்தரவு. “மைக்கை ஸ்வல்பம் கீழ இறக்குங்க ரீ, மொகமே தெரியல” என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். இந்த ஊர் மனைவிமார் மாதிரி அவளும் என்னை ‘ரீ’ என்றுதான் கூப்பிடுவாள், கல்யாணம் ஆன நாளிலிருந்தே. “மொகத்தைப் பாக்கவா வந்திருக்காங்க?” என்று எரிந்து விழுவேன். மைக் வாய்க்கு நேராக இருந்தால்தான் குரல் நிறைவாக வரும். நான் இறக்கவில்லை.

கடைக்காரர் கன்னடக்காரர், மரியாதையான மனிதர். முதலில், “சார், ஸ்வல்ப கம்மி மாடி” என்று சிரித்துக்கொண்டே கையால் தணித்துக் காட்டினார். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. என் பக்கத்து மேசைகள் காலியாக, ஆட்கள் காபியோடு வெளித் திண்டில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ரசனை கெட்ட கூட்டம் என்று மனதுக்குள் திட்டினேன், ஒரு முறை வாய்விட்டும் திட்டிவிட்டேன். அன்றைக்குப் பெட்டிகளை எடுத்து வைக்கும்போது அவர் தமிழிலேயே சொன்னார். “அடுத்த ஞாயிறும் கம்ப்ளைன்ட் வந்தா, பாட்டு பேடா சார். எனக்கு வியாபாரம் இருக்குது.” வேண்டாம் என்பதை மட்டும் கன்னடத்தில் சொன்னார். அது நன்றாகவே புரிந்தது.

காரில் வரும்போது சண்டை. “நீ கேக்கலங்கறே, அவரு காது வலிக்குதுங்கறாரு. நான் யாரை நம்பறது?” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பத்து வருஷமா யாரை நம்பினீங்க?” என்றாள்.

திங்கள் முதல் சனி வரை பாலிசிப் படிவங்களோடு போகிற பிழைப்பு என்னுடையது. அந்த ஞாயிறும் போய்விட்டால் நான் யார் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். இருவரில் ஒருவர் சொல்வது தப்பு. அவளாக இருக்காது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கடையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட்டோம். ஒரு லூப் பெடல் கடன் வாங்கியிருந்தேன். நாம் வாசிப்பதையும் பாடுவதையும் பதிந்துகொண்டு, காலை எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப அதையே ஒலிக்கவைக்கும் கருவி அது. ஒரு பல்லவியைப் பாடிப் பதித்தேன். வழக்கமான அளவில் ஓடவிட்டு, நானே நடந்து கடைசி மேசைக்குப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

காது அடைத்துக்கொண்டது. மேசைமேல் தண்ணீர் டம்ளர் அதிர்ந்துகொண்டிருந்தது. என் குரலை நானே எழுந்து அடிக்கலாம் போல இருந்தது.

திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கைப்பையை மேசையின் வலது ஓரத்துக்கு நகர்த்தினாள். கூட்டு என்று.

எழுந்து மிக்சரிடம் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியாது. குமிழ்மேல் விரலை வைத்து, திருப்பாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்தேன். சத்தம் ஒரு இம்மிகூட மாறவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையசைத்தாள்.

அவள் காதால் சொல்லவில்லை, என் கையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

பேஸ் பெட்டியை அணைத்தேன். இரண்டாவது ஸ்பீக்கரின் கேபிளைப் பிடுங்கினேன். முதல் ஸ்பீக்கரைத் தூக்கி எனக்குப் பின்னால், தோளுக்கு ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் மற்றவர்களுக்குக் கேட்பது எனக்கும் கேட்கும். மைக்கை வாயிலிருந்து நன்றாகக் கீழே இறக்கினேன். என் காதை நம்பி மெல்லப் பாடினேன். ஆட்கள் வெளியே போகவில்லை. பேசிக்கொண்டே கேட்டார்கள், கேட்டுக்கொண்டே பேசினார்கள், காபிக் கடையில் அதற்கு மேல் என்ன வேண்டும். கடைக்காரர் கேட்காமலே காபி கொடுத்தனுப்பினார். கடை எனக்குத் தங்கிவிட்டது. ஆனால் அன்று நான் கடைசி மேசைப் பக்கம் பார்க்கவே இல்லை, பார்த்தால் அடி மறந்துபோகும் என்று பயம்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, அவளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன். “எப்போலேர்ந்து?”

மறுக்கவில்லை. “மில்லுல இருக்கும்போதே. வேலைய விட்டா சரியாயிடும்னு நெனச்சேன். ஆகல.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா வீட்ல உக்காருன்னுடுவீங்க. காது கேக்காதவ சவுண்ட் பாக்க எதுக்கு வரணும்?” புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “மைக் கீழ இருந்தா வாய் தெரியும். எந்தப் பாட்டு, எந்த வரின்னு தெரியும். மத்தபடி நீங்க மொகத்தைச் சுளிச்சா கூட்டச் சொல்லுவேன். அதுவும் தப்பாப் போச்சு.”

ஊரில் எந்த ஹாலில் எதிரொலி இருக்கிறது, எந்தச் சுவர் சத்தத்தை விழுங்குகிறது என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் அவள் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள் என்பது தெரியவில்லை. தெரியவில்லை என்ன, தெரிந்தது. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். கத்தினால் அவளுக்குக் கேட்டுவிடும், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

டாக்டரிடம் போனோம். பரிசோதித்தார்கள். மில் இரைச்சல் வருஷக்கணக்கில் தின்றிருக்கிறது என்றும், போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்கள். இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டரும் வாங்கினேன். மிக்சரில் செருகினால் பாட்டு காற்று வழியாக நேரே அவள் காது மிஷினுக்குப் போகும். நான் சேர்த்த செட்டில் அதுதான் எல்லாவற்றிலும் சின்னது. பேஸ் பெட்டியை மண்டி மொஹல்லாக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.

மிஷின் வந்த அன்று மத்தியானமே வீட்டு ஹாலில் செட்டைப் போட்டேன். ஸ்பீக்கர்கூட இல்லை, மைக்கும் மிக்சரும் அவளும் மட்டும். சத்தத்தைக் கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, போதும் என்று அவள் கைகாட்டிய இடத்தில் நிறுத்தினேன். அவளுக்குப் பிடித்த பாட்டை எடுத்தேன், கல்யாணமான புதிதில் அடிக்கடி பாடச் சொல்லிக் கேட்ட பாட்டு. ஒரு வரி போனதும் அவள் என் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் ஒரு தந்தி தவறிவிட்டது. ஆனாலும் முடித்தேன்.

நல்லாயிருக்கு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“உங்க குரலுக்கு வயசாயிடுச்சு ரீ” என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

“இத்தனை நாளா உங்க வாயப் பாத்து, பழைய குரலையே கேட்டுட்டிருந்திருக்கேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மறுபடியும் பாடுங்க. பழகிக்கறேன்.”