சாவியைப் பையில் போட்டவர்

அக்கா மகள் கழுத்தில் மாப்பிள்ளை கட்டவேண்டிய தாலி என் சட்டைப்பையில் இருந்தது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் பேத்தமங்களா சாலையில் கார் நின்றுவிட்டது. கம்பெனி ரிப்பேர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவனாயிற்றே, எடுத்துத் திறந்தேன். வண்டி கிளம்பாமல் போகப் பதினான்கு காரணங்கள் போட்டிருந்தது. பதினான்கும் என் காருக்கு வந்துவிட்டதாக நம்பி வியர்த்தேன்.

அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார் அவர். ஒல்லி உடம்பு, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. முதல் வேலையாகக் கார் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். நகராத காரைத் திருடப் போகிறார் என்று பதறி, “ஐயோ, கல்யாணத்துக்குப் போகணும், திருடன்!” என்று கத்தியே விட்டேன்.

“இன்னா சார் கத்துறீங்க? நான் வேலை பாத்த தங்கச் சுரங்கத்துல, மைன்ஸ்ல, மிஷின்ல கை வைக்கிறவன்கிட்டதான் சாவி இருக்கும், வேற யாரும் ஓட்டிடக் கூடாதில்ல. அந்தப் புக்கைக் குடுங்க.”

வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பிறகு பெட்ரோல் பம்பின் கருகிய ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஹாரன் ஃபியூஸை அங்கே செருகினார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

“ஹாரன் அடிக்காது. வழியில நீங்களே கத்திக்கோங்க, நல்லாத்தான் வருது.”

“அப்போ இந்தப் புத்தகம் வாங்கினது லாபமா, தண்டமா?”

“புக்கு சரியாத்தான் சொல்லுது. நீங்கதான் பயந்த பக்கத்துலயே நின்னுட்டீங்க. இது எங்க சார் கெடைக்கும்? எனக்கொண்ணு வேணும்.”

“உங்ககிட்டயும் இதே காரா?”

“கார் ஏது சார்? சைக்கிள்தான்.”

தாலி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கார் வைத்திருக்கும் எனக்கு அந்தப் புத்தகம் எதற்கென்று தெரிந்துவிட்டது, பயப்படுவதற்கு. கார் இல்லாத அவருக்கு எதற்கென்றுதான் இன்னும் புரியவில்லை.