இருபத்தேழு இடது கண்கள்

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. வானம் மூடிக் கிடந்தது; ஒரு சொட்டு விழவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு பைக் மெக்கானிக் கடை. அதன் பெஞ்சில் இரண்டு பெரிய பைகளோடு நான். பைகளுக்குள்... சிரிக்காதீர்கள்... இருபத்தேழு பஞ்சுப் பொம்மைகள். கரடி ஒன்பது, நாய் ஏழு, முயல் ஐந்து, யானை நான்கு, ஆமை இரண்டு.

எல்லாம் என் மருமகள் நித்யாவுடையவை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். முதல் சம்பளத்திலிருந்து சேர்த்தது. விளையாட அல்ல, கலெக்‌ஷன். காதில் அட்டை, அட்டையில் நம்பர், இப்போது எங்கும் கிடைக்காத ரகங்கள். பிளாஸ்டிக் கண்ணில் கீறல் விழுந்தால் அதன் மதிப்பே போய்விடுமாம்.

விழுந்துவிட்டது. இருபத்தேழிலும்.

முந்தைய ஞாயிறுதான் நித்யா கவனித்தாள். அழுதாள். ஐந்தே நிமிடத்தில் குற்றவாளியை நான் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டு வேலைக்கு வரும் ஸ்டெல்லா. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் பொம்மைகளைத் துடைத்திருக்கிறாள். வேறு யார்?

"அந்த அலமாரி கிட்டயே நான் போறதில்ல சார். தொடவே வாணாம்னு நித்யாம்மா மொத நாளே சொல்ட்டாங்கோ."

"அப்போ பொம்மைங்க தானா கீறிக்கிச்சா?" என்றேன். வாசலில் நின்று. கொஞ்சம் சத்தமாகவே.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவள்தான். அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

நான் விடவில்லை. ஹெட்லைட் கண்ணாடியைப் பளபளப்பாக்கித் தருகிற மெக்கானிக் பாபுவால் கரடிக் கண்ணைச் சரிசெய்ய முடியாதா என்ன? அப்படித்தான் புதுவாயல் வந்தேன்.

"இன்னா நைனா, வண்டி மாதிரி கரடிக்கும் எஃப்.சி. எடுக்கணுமா?" என்றான் பாபு. கிண்டல் செய்தாலும் வேலை சுத்தம். அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, கண் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ரோமத்தை மூடினான். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில், அதாவது நைஸ் உப்புத்தாளில், ஒரு தேய்ப்பு. பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியில் பாலிஷ். முதல் கண் மின்னியது.

இரண்டாவதை எடுத்தவன் நின்றுவிட்டான். மூன்றாவதைப் பார்த்தான். நான்காவதையும்.

"நாரு போட்டா சுத்திச் சுத்திக் கோடு வரும் நைனா. இது கோடு இல்ல, கொத்து. அதுவும் எல்லாம் ஒரே கண்ணு, இடது கண்ணு. எவனோ இரும்பால தெனமும் கொட்டிக்கீறான்."

நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பெஞ்சில் வரிசையாக வைத்திருந்த பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையிலிருந்து என் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து... டிக்... டிக்... டிக்...

பாபு ஸ்கேலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நிறுத்து நைனா."

முப்பத்துநான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் நான். ஸ்டோரில் கண்ணால் எண்ணினால் கணக்கு தவறும். ஸ்கேலால் தட்ட வேண்டும். ஒரு தட்டு, ஒரு சத்தம், ஒரு எண்ணிக்கை. பஞ்சைத் தட்டினால் சத்தம் வராது. கண்ணைத் தட்டினால் வரும். வலது கையால் தட்டுகிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பொம்மையின் இடது கண்தான் வசதி. வீட்டு அலமாரி முன் தினமும் காலை 6.15, காபி குடித்த கையோடு. இரண்டு வருடம். எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை!

சரி, உண்மை தெரிந்ததும் என்ன செய்தேன்? சொல்லவே கூசுகிறது. "யார்கிட்டயும் சொல்லிடாதப்பா" என்று பாபுவிடம் கெஞ்சினேன். வீட்டுக்கு வந்தால், "மாமா! புதுசு மாதிரியே இருக்கு!" என்று நித்யா குதித்தாள். அன்று எனக்கு மட்டும் இரண்டு வடை கூடுதல்.

தின்றேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலை 6.15. பழக்கதோஷம்... அலமாரி முன் நின்று ஸ்கேலை ஓங்கிவிட்டேன். பாபுவின் பாலிஷ் அப்படி. ஒவ்வொரு கண்ணிலும் நானே தெரிந்தேன், ஓங்கிய கையோடு.

நித்யாவிடம் சொன்னேன். ஒரு கரடியை எடுத்து அதன் இடது கண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஸ்டெல்லாக்கா கிட்ட சொன்னீங்களா மாமா?" அவ்வளவுதான் கேட்டாள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் வீடு. தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். குழாயடியில் குடத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எங்கிட்ட காதுல சொல்லி இன்னா பிரயோஜனம் சார்? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? நீ கத்துனது தெருவுக்கே கேட்ச்சு. வேலைக்குப் போற மூணு ஊட்லயும் இப்போ எம் பின்னாலயே நின்னுகினு பாக்குறாங்கோ. அங்க வந்து சொல்லு."

அடுத்த நாள் போனேன். முதல் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில், "விடுங்க சார், வயசானா அப்டித்தான்" என்றார்கள். அதற்கு அவர்கள் திட்டியிருக்கலாம். மூன்றாவது வீட்டில் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. குற்றம் சாட்டிய அன்று எவ்வளவு தாராளமாக வந்த குரல்!

"சத்தமா சொல்லு சார்" என்றாள், பின்னால் நின்ற ஸ்டெல்லா.

சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

மறுநாள் வேலைக்கு வந்தாள். வராத பதினொரு நாளுக்கும் சம்பளத்தை நீட்டினேன். நான் மூன்று முறை எண்ணி வைத்த பணம். என் எதிரிலேயே, நிதானமாக, இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பில் செருகினாள். 

கண்ணுக்கு இருபது வீதம் பாலிஷ் 540. ஷேர் ஆட்டோ போக வர 60. ஸ்டெல்லாவின் சம்பளம் 1,100. ஆக, யாரும் கேட்காத ஒரு கணக்கை எடுத்ததற்கு ஆன செலவு... ஆயிரத்து எழுநூறு ரூபாய்.