இரும்புப் பாலத்தின் நடுக்கண்

அரசாங்கச் சம்பளத்தில் எத்தனையோ படங்கள் வரைந்திருக்கிறேன். சாக்கடை, மதகு, சிறுபாலம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். அவற்றில் ஊரே நின்று பார்த்த படம் ஒன்றுதான். அதை டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். மீன்காரப் பெண்கள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். அதன் கீழே என் பெயர் இல்லை. அப்போது அதை நல்லவேளை என்று நினைத்தேன்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம் இருந்தது. வெள்ளைக்காரன் கட்டியது. இந்தப் பக்கம் எங்கள் தெருக்களும் மாதா கோயிலும் கடைவீதியும். அந்தப் பக்கம் மீனவர் குப்பம், அதைத் தாண்டினால் கடல். பாலத்துக்கு, தூணுக்குத் தூண் எண்ணினால், ஐந்து கண். நடுக்கண் மட்டும் கொஞ்சம் அகலம். அந்தக் காலத்தில் தோணிகள் பாய்மரத்தை இறக்கிவிட்டு அதன் வழியாகத்தான் போகுமாம்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம். மாமா வெல்டர். ஆற்றின் உள்பக்கம், பாலத்துக்கு மேற்கே, விசைப்படகு கட்டும் யார்டில் வேலை பார்த்தார். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண், இடுப்புப் பிள்ளையாக ஒரு பையன்.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பூசையில் இருந்தேன். வெளியே கூச்சல் கேட்டு எல்லோரும் எழுந்தோம். கடல் ஊருக்குள் வருகிறது என்றார்கள். அந்த வாக்கியமே எனக்குப் புரியவில்லை. நான் பாலத்தை நோக்கி ஓடினேன். பாலம் முழுக்க ஆட்கள். கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர். கீழே ஆறு மேற்கு நோக்கி, தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. படகுகள் ஒன்றையொன்று மோதிக்கொண்டு தூண்களில் வந்து இடித்தன. ஒவ்வொரு இடிக்கும் பாலம் அதிர்ந்தது. ஆனால் நின்றது.

நடுக்கண்ணில் அக்காவைப் பார்த்தேன். இடுப்பில் பையன் இருந்தான். பெண் அவளுக்குப் பின்னால் எங்கோ கூட்டத்தில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் குழந்தையின் உடல் கிடைத்தது.

அதற்குப் பிறகு குப்பத்து ஆட்கள் பாலத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். "பாலம் தாங்குச்சு" என்பார்கள், ஒரு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. டிசம்பர் வந்தால் முதல் தூணில் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அக்கா போனதில்லை. சந்தைக்கு வர அந்தப் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும். தாண்டும்போது கைப்பிடிப் பக்கம் வரமாட்டாள், நடுவில் நடப்பாள், பஸ் ஹாரன் அடித்தாலும் ஒதுங்கமாட்டாள்.

மாமா குடிக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் யார்டுகளில் ஜாஸ்தி வேலை. உடைந்த படகுகளுக்கெல்லாம் பதிலாகப் புதுப் படகு கட்டினார்கள். அவர் பாதி நாள் போவார், பாதி நாள் போகமாட்டார். பிறகு வேலையும் குறைந்தது. குப்பத்தில் எல்லோருக்கும் படகு இருந்தது, கடலில் மீன் இல்லை.

2009 வாக்கில் யார்டுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வெளியூர்க்காரர், பெரும் கோடீஸ்வரர். குடும்பத்தோடு கடலில் சுற்ற ஒரு சொகுசுப் படகு வேண்டும் என்றாராம். எங்கள் ஆட்கள் அதைப் 'பங்களாக் கப்பல்' என்றார்கள். மாமாவை ஃபோர்மேன் ஆக்கினார்கள். அவர் குடியை விட்டார். அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள், யாராவது கேட்டால் போய்விடும் என்பதுபோல. ஒருநாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். வெள்ளைப் பெயின்ட் முதல் பூச்சு அடித்திருந்தது.

"கையவச்சுப் பாரு மச்சான். எங்கயாவது வெல்டு தட்டுதா?"

தட்டவில்லை. வழுவழுவென்று இருந்தது. ஐந்து வருடத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

படகு பாலத்துக்கு அடியில் போகிற உயரத்துக்குத்தான் முதலில் திட்டம். பாதி வேலையில் கோடீஸ்வரர் வந்து பார்த்துவிட்டு, மேலே இன்னொரு தளம் வேண்டும், உட்கார்ந்தால் நாலாபக்கமும் கடல் தெரிய வேண்டும் என்றார். யார்டு முதலாளி சரி என்று தலையாட்டிவிட்டார். தளம் ஏறியது. படகு நடுக்கண்ணின் அடிப்பக்கத்தைவிட ஐந்தடி உயர்ந்துவிட்டது.

எனக்கு அப்போது மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைவாளர் வேலை. சிதம்பரத்தில் படித்த டிப்ளமாவுக்குக் கிடைத்தது. ஒருநாள் இன்ஜினியர் கூப்பிட்டார். முதுநகர் இரும்புப் பாலத்தின் பழைய வரைபடத்தை எடுத்து, நடுக்கண்ணை மட்டும் தனியாக வரைந்து, எந்தெந்த இடத்தில் ஆணி வெட்ட வேண்டும், கிரேன் எங்கே நிற்கும் என்று குறிக்கச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"ஒரு படகு வெளிய போவணும். நடுக்கண்ணக் கழட்டித் தூக்கிட்டு, படகு போனதும் திரும்ப வச்சிருவாங்க. செலவெல்லாம் அவரோடது. நமக்கு என்ன."

வரைந்தேன். நான்கு நாள் ஆயிற்று. பழைய படத்தில் ஒவ்வொரு ஆணியும் ஒரு புள்ளி. வெட்ட வேண்டிய புள்ளிகளைச் சிவப்பில் வட்டமிட்டேன். அக்கா நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியும். அங்கேயும் வட்டமிட்டேன்.

ஊரில் அரசல்புரசலாகப் பேச்சு வந்துவிட்டது. குப்பத்து மீன்காரப் பெண்களுக்குத் தலைவிபோல் ஒரு அம்மா இருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மீன் கொண்டுவருவார். அவர் நான்கு பெண்களோடு மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பாலத்தைக் கழற்றப் போகிறீர்களாமே என்று கேட்டார். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. யாரோ கெளப்பிவுடறாங்க. போயிட்டு வாங்க."

நான் எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். படம் என் மேசைமேல் விரித்துக் கிடந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். தெரிந்த முகம் என்று லேசாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். படத்தைச் சுருட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவர்கள் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள். காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னா தம்பி இது?"

"நீங்க கேட்டது. யாரு குடுத்தான்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் அது சுவர்களில் இருந்தது. மூன்றாம் நாள் பாலத்தில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நின்றது. குப்பத்து ஆட்கள், முதுநகர் வியாபாரிகள், பங்குச் சாமியார், பள்ளிவாசல் தெருக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். "நாங்க உசுரக் கையில புடிச்சுகிட்டு நின்ன பாலம். ஒருத்தன் காத்து வாங்கறதுக்குக் கழட்டுவியா?" என்று ஒருவர் டிவிக்காரர்களிடம் கேட்டார். கப்பல் பாலத்தைத் தாண்டினால் மேலே நின்று கெட்டுப்போன மீனாகக் கொட்டுவோம் என்றார்கள். அதற்காகவே கூடையில் மீனை மூடிவைத்தார்கள். நாற்றம் மாதா கோயில்வரை வந்தது.

நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். பயந்தேன். அலுவலகத்தில் யார் கொடுத்தது என்று விசாரணை நடந்தது. ஜெராக்ஸ் எடுக்கப் போய்வருகிற அலுவலக உதவியாளர்மேல் சந்தேகம் விழுந்தது. அவரை ஸ்ரீமுஷ்ணம் பக்கம் மாற்றினார்கள். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தவர். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் மீன்கார அம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். தரையில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வந்து பேசக்கூட வேணாம்மா. சும்மா வந்து உக்காரு. புள்ளயப் பறிகொடுத்தவ வந்து உக்காந்தா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கும்."

அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

"பாலம் தாங்குச்சுன்னு சொல்றீங்க. சரி. அந்தப் பாலத்து வாசல்லதான் கூட்டம் அடச்சுகிட்டு நின்னுச்சு. நான் ஏறிட்டேன். அவள ஏத்த முடியல. என் கையிலேர்ந்துதான் போனா. எனக்கு அந்தப் பாலம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான்."

மீன்கார அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரு அந்தக் கப்பல்ல வேல செய்ய ஆரம்பிச்ச அப்புறந்தான் மனுஷனா இருக்காரு. அது போனா இன்னொரு கப்பல் வரும்னு சொல்லியிருக்காங்க. என்னய எதுக்குக் கூப்புடறீங்க?"

மீன்கார அம்மா எழுந்துபோனார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தப் பாலத்தை அவளுக்காகத்தான் காப்பாற்றுகிறேன் என்று நானாக நினைத்திருந்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் அமைதிக் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள், ஊர் ஆட்கள், யார்டு ஆட்கள். கோப்பு தூக்க நானும் போயிருந்தேன். மாமா யார்டு பக்கத்தில் கடைசி நாற்காலியில் இருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. பழைய பாலம், கழற்றினால் திரும்ப அப்படியே வைக்க முடியுமா, யார் பொறுப்பு என்று. அப்போது ஒரு படகுக்காரர் எழுந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். பாலத்த வெட்டி ஒட்டலாம்னு சொல்றீங்க. அந்த மேல்தளத்த வெட்டிட்டு, வெளிய போயி ஒட்டிக்க முடியாதா?"

யார்டு முதலாளி, அது முடியாது, தொழில்நுட்பப் பிரச்சினை என்று ஆரம்பித்தார். படகுக்காரர் மாமாவைக் கை காட்டினார்.

"நீ சொல்லு மாமா. கட்டுனவன் நீதான. முடியுமா, முடியாதா?"

அறை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. மாமா எழுந்து நின்றார். முதலாளியைப் பார்க்கவில்லை.

"முடியும். பத்து நாள் வேல."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

திட்டத்தைக் கைவிட்டதாக இரண்டு நாளில் அறிவித்தார்கள். பாலத்தில் பட்டாசு வெடித்தார்கள். கெட்ட மீனை ஆற்றில் கொட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

கோடீஸ்வரர் படகை வெட்டவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. கோபம் என்றார்கள், மனம் மாறிவிட்டது என்றும் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து லாரிகளில் ஆட்கள் வந்து இன்ஜின், கண்ணாடி, நாற்காலி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கூடு மட்டும் சேற்றில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்த வருடக் கடைசியில் யார்டை மூடினார்கள். மாமாவை அதற்கு முன்பே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் திரும்பவும் குடித்தார். ஆனால் யாரையும் திட்டியதில்லை. நான் போனால், "வா மச்சான், சாப்புட்டியா?" என்பார், அவ்வளவுதான். 2010இல் குஜராத் பக்கம், பழைய கப்பல்களை உடைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போனார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இருமல் கூடியிருக்கும். அக்கா வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பையனோடு சிதம்பரம் போனாள். ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. கடலூருக்கு வருவதில்லை. நான் போன் செய்தால் பையன் எடுப்பான்.

பாலம் விவகாரம் நடந்ததாலேயே அதை ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. சோதித்தவர்கள் தூண்கள் அடியில் அரித்துப்போயிருப்பதாக எழுதினார்கள். முதலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பிறகு ஆட்டோவை. 2012 தொடக்கத்தில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டு, நடக்கிறவர்கள் மட்டும் போகலாம் என்றார்கள். பழையதை எடுத்துவிட்டு கான்கிரீட் பாலம் கட்டத் திட்டம் போட்டார்கள். அதற்கும் ஆரம்பப் படங்களை நான்தான் வரைந்தேன். யாரும் பாலத்தில் வந்து உட்காரவில்லை. சீக்கிரம் கட்டுங்கள், கூடை சுமந்து நடக்கக் கால் வலிக்கிறது என்று மனு கொடுத்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து அந்த மீன்கார அம்மாவுடையது.

அந்த மாதம்தான் சிதம்பரம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். விடுதிக்குப் பின்னால் சமையற்கட்டு வாசலில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு வெங்காயம் எடுத்தேன்.

"அக்கா, அந்தப் படத்த வெளிய குடுத்தது நான்தான்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவருதான். டீக்கடச் சொவுத்துல பாத்த அன்னைக்கே வந்து சொன்னாரு. படத்துல போட்டிருக்கற நாலு, மச்சான் எழுதற நாலுதான்னாரு. நீ படிக்கறப்ப நோட்டெல்லாம் அவருதான அட்ட போட்டுக் குடுத்தாரு."

"என்னய ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"உனக்கு வேல போயிடும்னாரு. நான் சண்டைக்குக் கெளம்புனேன். என்னயப் புடிச்சு உக்கார வச்சாரு. அந்தக் கூட்டத்துல முடியும்னு சொல்லிட்டு வந்தாரே, அன்னைக்கும் கேட்டேன், ஏன்யா இப்படிப் பண்ணுனன்னு. கேட்டாங்க, சொன்னேன்னாரு."

"எம்மேல கோவமா?"

"ஆமா," என்றாள். "இல்லன்னு சொன்னா நீ நிம்மதியாப் போயிடுவ."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சோறு வடிக்கிற நேரம். எழுந்து, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து ஒரு தட்டில் சோறும் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை வாசற்படியில் நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது, போ என்றாள்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். பையனின் பரீட்சை பற்றிப் பேசுவோம், மாமாவின் இருமலைப் பற்றி, அவரை எப்படியாவது திரும்பிவரச் செய்வதைப் பற்றி. ஸ்ரீமுஷ்ணத்துக்கு மாற்றலான அந்த உதவியாளரை ஒருமுறை தேடிப் போனேன். ரிட்டயர் ஆகி மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.