கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த மரியாதை

அப்பா சட்டை போட்டுக்கொண்டுதான் அந்த போனில் பேசினார். வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறாங்களாம், உங்களத்தான் கேக்கறாங்க" என்று அம்மா சொன்னாள். அவர் முதலில் தேடியது ரிசீவரை அல்ல, ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை. கடைசிப் பொத்தான் வரை போட்டு முடிக்கும்வரை கலெக்டர் ஆபீஸ் காத்திருந்தது. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. எங்களுக்காகக் காத்திருக்கும் அரசு அலுவலகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. வேங்கிக்காலைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம், அதன் ஓரத்தில் வீடு. கொல்லையின் இரண்டு பக்கமும் கிரில் கேட் போட்ட வீடுகள் வந்துவிட்டன. நிலத் தரகர்கள் பைக்கை நிறுத்திவிட்டு, நிலத்தைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் என் கண்ணில் பட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன். போன் மட்டும் அப்பா பெயரில் இருந்தது. டைரக்டரியில் அவர் பெயர் அச்சாகியிருந்த இடத்தை நான் விரல் வைத்துக் காட்டியபோது, அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோகூட அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள் போலும்.

எங்கள் ரிசீவர் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி கத்தும். "வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு நிலம் இருக்குதுங்களே, எந்தப் பக்கம்?" என்றது குரல்.

"வேங்கிக்கால் தாண்டிங்க ஐயா." அப்பா நின்றுகொண்டு பேசினார்.

"ஆமா, வேங்கிக்கால் தாண்டி. சர்வே நம்பர் சொல்லுங்க, சரியா இருக்கான்னு பாக்கறேன்."

அப்பா சொன்னார்.

"கரெக்ட்டா இருக்கு ஐயா. பட்டா யார் பேர்ல?"

"எங்க அண்ணனும் நானும் கூட்டுங்க."

"கூட்டுப் பட்டாதான் இங்கயும் காட்டுது."

பட்டாவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அதற்கு அசல் பட்டாவும் அசல் பத்திரமும் வேண்டுமாம். ஆபீசில் கூட்டம் ஜாஸ்தியாம், அதனால் அங்கே வரவேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்வாராம். காகிதத்தை ஒப்படைக்காதவர்களின் நிலம் புறம்போக்கு ஆகிவிடுமாம். எந்த நாள் தோதுப்படும் என்று யோசித்து வையுங்கள், மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லி, நன்றியும் சொல்லி வைத்தது அந்தக் குரல்.

"எல்லாம் விரல் நுனியில வச்சிருக்காரு" என்றார் அப்பா. "சர்வே நம்பர்லேர்ந்து எங்க அண்ணன் வரைக்கும் சொல்றாரு பாரு."

"நீ சொன்னதத்தான நைனா அவன் திருப்பிச் சொன்னான்?" என்றேன்.

"அவன் இவன்னு பேசாத. ஆபீசரு."

கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தனிப்பட்டா கேட்டு நாங்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து வருடக்கணக்காகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா ஓர் எலுமிச்சம்பழத்தோடு போவார். எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே பழத்தை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டு, "போய்ட்டு அப்பறம் வா" என்பார். அப்பாவை விட வயதில் சின்னவர். அந்த ஆபீஸ் தானாகவே போன் செய்து, நலம் விசாரித்து, வாக்கியத்துக்கு ஒரு ஐயா போடுகிறதென்றால் அது எங்கள் ஆபீசாக இருக்க முடியாது என்பது என் வாதம்.

"காலம் மாறிப்போச்சு. கம்ப்யூட்டர் வந்துடுச்சு. இனிமே மரியாதையாத்தான் பேசுவாங்க" என்றார் அப்பா. "ஒரு பைசா கேட்டாரா? கேக்கலையே."

"அதான் நைனா பயமா இருக்குது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்ன எதுக்குப் படிக்க வச்சேன்? நம்மள நாலு பேர் மதிக்கணும்னுதான. இப்ப கவர்மெண்ட்டே மதிக்குது. அதையும் வேணாங்கற."

அவர் பெட்டியைத் திறந்து பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து மஞ்சள் பையில் வைத்தார். மேலே ஓர் எலுமிச்சம்பழம். அந்தப் பை கைமாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெயரில் எவனோ கைநாட்டு வைப்பான், வேறு எவனோ ஒருநாள் வந்து எங்கள் கடலைச் செடிக்கு நடுவே கல் நடுவான். நாங்கள் அதை நிறுத்தச் சொல்லி, எலுமிச்சம்பழத்தோடு அதே எழுத்தரிடம் போய் நிற்போம்.

"பையத் தூக்கி ஒளிச்சி வச்சிடட்டா?" என்று அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தாள். வேண்டாம் என்றேன். நிலம் அவருடையது. அவருக்கே தெரிய வேண்டும்.

அம்மா பாலுக்கு வட்டம் போட்டுக் கணக்கு வைக்கும் நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் யாரையும் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதாகச் சொல்வதில்லை. கிரிவலத்துக்கு மலையைச் சுற்ற வரும் ஜனத்துக்காக எல்லா பஸ்ஸையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கலெக்டர் ஆபீசில் பாதிப் பேருக்குக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"நைனா, அவரு மறுபடி கூப்பிட்டா, வெள்ளிக்கிழம சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல தரேன்னு சொல்லு."

"அன்னிக்குப் பௌர்ணமி ஆச்சே."

"அதான். ஆபீசரா இருந்தா முடியாதுன்னு அவரே சொல்லிடுவாரு. நாம மரியாத கொறவா ஒண்ணும் கேக்கலையே."

மரியாதைக்குக் குறைவில்லை என்பதால் அப்பா ஒப்புக்கொண்டார்.

மறுநாள் போன் வந்தது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்.

"தாராளமா வாங்க ஐயா. அஞ்சு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்குள்ள, பெங்களூர் பஸ் நிக்கிற எடத்துல. நம்ம ஆளு நிப்பாரு."

"கூட்டமா இருக்காதுங்களா ஐயா?"

"வெள்ளிக்கிழமதானே ஐயா, என்ன கூட்டம்?"

அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் முகத்தைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி காதில் வைத்து, "சரிங்க ஐயா" என்றார். வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"புதுசா மாத்தலாகி வந்திருப்பாரு" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

"நிலாவுலேர்ந்து மாத்தலாகி வந்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமே, அன்னிக்குப் பௌர்ணமின்னு" என்றாள் அம்மா.

பத்திரம் பெட்டிக்குள் போனது. எலுமிச்சம்பழத்தை அம்மா சாதத்தில் பிழிந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், போனில் யார் அசல் பத்திரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். கிரில் கேட் வீட்டுக்காரர், "எங்கள எல்லாம் அப்படி ஏமாத்த முடியாதும்மா" என்றார். பிறகு கேட்டைத் தாண்டி வந்து, எந்தக் குரல், எப்படிப் பேசினான் என்று மெதுவாக விசாரித்தார்.

சனிக்கிழமை காலையில் மணி அடித்தது. அப்பா வெற்றுடம்போடு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தார். அதே குரல்தான்.

"யோவ், நேத்து எங்கய்யா போன? ஊருக்கு வெளியவே பஸ்ஸ நிறுத்தி எறக்கி உட்டுட்டான். எவ்ளோ தூரம் நடக்கறது? இடிச்சித் தள்ளி ஒரு செருப்பு வேற காணோம். அறிவிருக்காய்யா உனக்கு?"

அப்பா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம், "இப்பத்தான் ஆபீசர் மாதிரி பேசறான்" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அவ்ளோ தூரம் நடந்தவரு, இன்னும் கொஞ்சம் நடந்து மலையச் சுத்திட்டே போயிருக்கலாமே."

அந்தப் பக்கம் லைன் அறுந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன், தனிப்பட்டா மனு என்ன ஆயிற்று என்று கேட்க. பழைய மனு கிடைக்கவில்லை, புதிதாக எழுதிக் கொடு என்றார்கள். நான் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டு, தெரியாத எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயான்னு எத்தினி எடத்துல போட்டிருக்க?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துல ஒண்ணு."

"போதும்" என்றார் அப்பா.