எனக்கு முன்னால் புறப்பட்டுப் போன சர்டிபிகேட்டுகள்

இந்த மாதம் ஒரு திங்கட்கிழமை, பி.டி. இண்டர்வியூவுக்காகப் புதுக்கோட்டை போயிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கேட்டு மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டதில், முதல் தடவையாக வந்த கார்டு. 'ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளுடன் காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டியது' என்று தெளிவாக அச்சடித்திருந்தார்கள். பத்து மணிக்கு நான் ஆஜராகிவிட்டேன். சர்டிபிகேட்டுகள் ஆஜராகவில்லை.

தொலைத்துவிட்டேனா? இல்லை. மறந்துவிட்டேனா? அதுவும் இல்லை. அவை எனக்கு முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டுவிட்டன. சிக்கலே அதுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அத்தையை – அதாவது என் மாமியாரை – தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கிழமையில் எந்தத் திசையில் சூலம், எத்தனை மணிக்கு ராகுகாலம், எப்போது எமகண்டம் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். இலுப்பூரில் எங்கள் தெருக்காரர்கள் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போவதென்றாலும் எங்கள் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. படித்துவிட்டு இங்கே ஹைஸ்கூலில் மூன்று வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். டிரெயினிங் முடிக்காத டீச்சர். போன மார்ச்சில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "இனிமே டிரெயினிங் முடிச்சவங்களத்தான் வச்சுக்க முடியும்மா. இந்த வருஷம் எப்படியாவது சீட்டு வாங்கிருங்க" என்றார். வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். அது கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயத்தில் மூன்று மாதமாக எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

கார்டு வந்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அத்தைக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரம்தான்.

"திங்கக்கெழமயா? கெழக்க சூலமால்ல இருக்கு!"

சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பயணம் கூடாது. புதுக்கோட்டை எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. அதை மாற்ற முடியாது. இண்டர்வியூ தேதியைக் கல்லூரி மாற்றாது. ஆனால் அத்தையிடம் வழி இல்லாத சிக்கல் உண்டா? பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார்.

பரஸ்தானம் தெரியுமல்லவா? நாம் புறப்பட வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல வேளையில் நம்முடைய சாமான் ஒன்றைப் போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே நம் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகும் வழியில் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். வைத்த சாமானைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரத்தான் கூடாது.

எல்லோரும் ஒரு பழைய புடவையையோ துண்டையோ வைப்பார்கள். அத்தை அப்படி ஏனோதானோ என்று எதையும் செய்கிறவர் இல்லை.

"எதுக்காகப் போறே? படிப்புக்குத்தானே? சேலையவா அவுக பாக்கப் போறாக? அந்தக் காயிதத்தையே வைய்யி."

பி.ஏ. படித்த நான் என்ன செய்தேன்? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டிகிரி சர்டிபிகேட், நன்னடத்தைச் சான்று எல்லாவற்றையும் அடுக்கி, மஞ்சள் நனைத்த துணியில் வைத்து, அத்தை போட்ட ஒரு கைப்பிடி அரிசியோடு நன்றாக முடிந்து கொடுத்தேன். இண்டர்வியூ கார்டு மட்டும் என்னிடம் இருந்தது. அதை நான் மணிக்கொரு தரம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்ததால் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எந்த வீட்டில் வைப்பது என்று ஆலோசனை நடந்தது. தெருவின் கிழக்குக் கோடியில் போலீஸ் ஏட்டையா வீடு. திசையும் சரி, பத்திரத்துக்கும் குறைவில்லை. ஏட்டையாவின் மனைவி பயபக்தியோடு வாங்கிச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் அன்னவாசலில் ஏட்டையாவுக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு. குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். எப்படியும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் அத்தையும் தலைவாரிப் பூ வைத்து, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போய்ப் பார்த்தால் – கதவில் ஒரு பூட்டு. தேங்காய் அளவு இருந்தது.

என் வீட்டுக்காரர் கடலை மண்டி வைத்திருக்கிறார். மண்டிப் பூட்டைச் சாவி தொலைந்த நாட்களில் எத்தனையோ தடவை உடைத்தவர். கையில் கடப்பாரையோடு வந்தார். பூட்டைப் பார்த்தார். யார் வீட்டுப் பூட்டு என்பதையும் யோசித்தார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "நான் சைக்கிள்ல அன்னவாசல் போயி சாவிய வாங்கியாறேன். நீங்க பஸ் ஏறுங்க" என்றார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நான் வைக்கச் சொன்னது. நானே வந்து சொல்லுறேன்" என்றார்.

கல்லூரியில் முதலில் ஒரு கிளார்க். சர்டிபிகேட் எங்கே என்றார். நான் வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"அது நேத்தே கெளம்பிருச்சுய்யா. வந்துக்கிட்டு இருக்கு."

வேறு ஊர்க்காரராக இருந்தால் எங்களை வெளியே அனுப்பியிருப்பார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பரஸ்தானமா? யாரு வீட்டுல வச்சீக?" என்று கேட்டார். ஏட்டையா வீட்டுப் பூட்டு வரைக்கும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, என் பெயரைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசிப் பெயரும் பதினொரு மணிக்கு வந்துவிட்டது. உள்ளே மூன்று பேர். நடுவில் பிரின்ஸிபால். வலது பக்கம் கண்ணாடி போட்ட சயின்ஸ் லெக்சரர். இடது பக்கம் இருந்தவர் எழுதிக்கொண்டே இருந்தார். பொய் சொன்னால் இன்னும் மாட்டிக்கொள்வேன் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது.

சயின்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறவர் நீங்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா?"

நம்புகிறேன் என்றால் டீச்சர் வேலைக்கு லாயக்கில்லை. நம்பவில்லை என்றால் பிறகு ஏன் வைத்தீர்கள் என்பார். போதாததற்கு, திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே அத்தையின் முந்தானை தெரிந்தது. என்ன சொல்வீர்கள் நீங்கள்?

"எனக்கு நம்பிக்கை இல்லை சார்" என்றேன். முந்தானை அசையவில்லை. "ஆனால் எங்கள் அத்தைக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. நான் டீச்சராக வேண்டும் என்பதிலும் இருக்கிறது. வீட்டில் என் மூன்று வயசுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர் அவர்தான். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னொன்றைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை."

சயின்ஸ்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிரின்ஸிபால் கேள்விகளைக் கேட்டார். பதில் சொன்னேன். எல்லாம் முடிந்ததும், "பன்னிரண்டு மணிக்கு நான் லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்குள் சர்டிபிகேட் வந்தால் உங்கள் பெயர் இருக்கும்" என்றார். வராவிட்டால்? அதை அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்து அத்தை பக்கத்தில் நின்றேன். எங்களுக்கு நேர் எதிரே சுவரில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கடிகாரம். பதினொன்றரை ஆனது. பதினொன்றே முக்கால் ஆனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அழுதேன்.

பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டைத் தாண்டி என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சாவி வாங்கி, இலுப்பூர் திரும்பி, பூட்டைத் திறந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். மஞ்சள் பொட்டலத்தை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் அத்தை அதைப் பறித்துக்கொண்டு, "அம்மா, உள்ள போகக் கூடாதும்மா" என்ற பியூனையும் தாண்டிப் போய், பிரின்ஸிபால் மேஜை மேலேயே வைத்து முடிச்சை அவிழ்த்தார். அரிசி நாலா பக்கமும் சிதறியது. பிரின்ஸிபால் ஒவ்வொரு சர்டிபிகேட்டாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். டிகிரியின் ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. சயின்ஸ்காரர் தன் ஃபைலில் விழுந்த அரிசியைப் பொறுக்கி, போடுவதற்கு இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அத்தை, திங்கட்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு எமகண்டமாச்சே. அந்த நேரத்துலயா உள்ள போனீங்க?"

"எனக்கென்ன தெரியும்? கையில கடியாரமா கட்டியிருக்கேன்?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று கடிதம் வந்தது. சீட்டுக் கிடைத்துவிட்டது. படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஒரு வருஷப் படிப்பு. தினமும் இங்கிருந்து போய்வர முடியாது. கல்லூரி ஹாஸ்டலில் குழந்தையை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். அவளை விட்டுவிட்டு ஒரு வருஷம் என்னால் இருக்க முடியுமா? சீட்டே கிடைக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தை கேட்டது ஒரே கேள்விதான். "காலேசு என்னைக்குத் தொறக்குறாக?"

"திங்கட்கிழமை அத்தை." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. "மறுபடியும் பொட்டலமா? சர்டிபிகேட்டை மட்டும் தர மாட்டேன்."

"பொட்டலம் எதுக்கு?" என்றார் அத்தை. கொடியில் காய்ந்த குழந்தையின் பாவாடைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம காலையில புள்ளயத் தூக்கிக்கிட்டு நானே மொதல்ல போறேன். வீடு பாத்து, அடுப்ப மூட்டி வக்கிறேன். நீ பின்னால வந்து படி."