உண்டியலில் இறுகிய தொடைக்கம்பி

கோப்பாய்த் தோட்டக்காரர் ஏரம்பு உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்தபோது, டொக்டர்மார் எலும்புக்குள் கம்பி ஏற்றிப் பொருத்தினார்கள். மனைவி கமலாவதி, பிள்ளையாருக்கு வெள்ளிக்கால் தருவதாக நேர்த்தி வைத்தார்.

எலும்பு பொருந்தியபின் கம்பியைக் கழற்றினார்கள். விறைப்பூசி போட்டிருந்ததால் ஏரம்புவுக்குச் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது; நோகவில்லை. கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காயம் ஆறியதும் அதை எடுத்துக்கொண்டு மனைவியோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனார்.

“இஞ்சரப்பா, வெள்ளிக்கால் வெறும் பொம்மை. இது என்ரை காலுக்குள்ளை கிடந்து உழைச்சது!” என்று மனைவியை அடக்கிவிட்டு, கம்பியை உண்டியலுக்குள் செருகினார். தொடைக்கேற்ப வளைந்திருந்த கம்பி பாதியில் இறுகி நின்றது. இனி ஒருவரும் காசு போட முடியாது.

ஐயர் குறட்டோடு வந்து இழுக்கத் தொடங்கினார். ஏரம்பு தன் தொடையைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

“ஐயா, முதல் பிள்ளையாருக்கு விறைப்பூசியைப் போடுங்கோ!”