ஏடனில் ஒரு பால்பேணி

லண்டன் லூயிஷாம் கடையில் நேற்று, கட்டிப்பால் அடைத்த ஒரு தகரப் பால்பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "என்னம்மா, வாங்கப் போறியளோ, இல்லாட்டி கும்பிடப் போறியளோ?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு இதை நான் சொன்னதில்லை.

ஏடன் வெள்ளைக்காரர் கையில் இருந்தபோது அப்பா அங்கே அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். தண்ணீர்க் குழாய்க்கும் கடை அனுமதிக்கும் மனு எழுதுவிக்க அந்த ஊர் அரபுக்காரர் விடியவே வந்து, உப்புக் காற்றும் புழுதியும் முகத்தில் அடிக்க, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து எங்கள் வாசலில் காத்திருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. நாங்கள் குடிக்கும் பித்தளைச் செம்பு உள்ளே இருக்கும். அவர்களுக்கென்று துருவேறிய வெறும் பால்பேணி ஒன்று வாசல் ஆணியில் தொங்கும். யாழ்ப்பாணத்தில் சாதி பார்த்துச் சில ஆட்களுக்குச் செய்ததை அம்மா கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். "பேணியிலை செம்பு முட்டாமல் உயர்த்தி ஊத்து, பிள்ளை" என்பார். அவர்களுடைய ஊரிலேயே அவர்களுக்கு அப்படித்தான் ஊற்றினேன்.

மனுவுக்கு வந்த ஒருவரின் மகள் சல்மா, அங்கே எனக்கிருந்த ஒரே சிநேகிதி. ஒருநாள் கல்லெறிந்து பிடிக்கும் கொக்கான் விளையாடிக் களைத்தவள், உள்ளே போய்ச் செம்பை எடுத்துக் குடித்துவிட்டாள். "உடனை புளி போட்டு மினுக்கு" என்றார் அம்மா. முற்றத்தில் உட்கார்ந்து மினுக்கினேன். சல்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வேலை வந்துவிட்டது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே பக்கத்தில் குந்தி, தானும் தேய்க்கக் கை நீட்டினாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போனாள்.

தட்டிவிடச் சொல்லி அம்மா சொல்லவில்லை.